ஒரு பள்ளிக்கூடமும் கட்டாத சாமியார் எப்படிக் கல்வியாளர்?

கேள்வி, ஆகஸ்ட் 2

இன்று சேவியர் தனிநாயகம் அடிகள் பிறந்தநாள் என்று ஆளாளுக்குப் படம் போடுகிறீர்கள். உலகத் தமிழ் மாநாடுகளுக்கு வித்திட்டவர், மறுக்கவில்லை. ஆனால் "கல்விக்காக வாழ்ந்த குரு" என்று எழுதுவது எந்தக் கணக்கில்? திருச்சி சூசையப்பர் கல்லூரி, பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரி, சென்னை லொயோலா எல்லாம் கத்தோலிக்கச் சாமியார்கள் கட்டி எழுப்பியவை. இவர் கட்டியது என்று ஒரு தொடக்கப்பள்ளியாவது உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 2, இரவு

நியாயமான கேள்வி. கட்டடம்தான் அளவுகோல் என்றால் அடிகளார் அந்த வரிசையில் வரமாட்டார். சூசையப்பர் கல்லூரி 1844ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883ல் திருச்சிக்கு வந்தது. சவேரியார் கல்லூரி 1923, லொயோலா 1925. அவற்றின் பின்னால் இயேசு சபை என்ற பெரிய துறவற சபையே இருந்தது.

அடிகளார் எங்கெங்கே வேலை பார்த்தார் என்று பாருங்கள். 1940லிருந்து 1945 வரை திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளியில் துணைத் தலைமையாசிரியர். 1952லிருந்து 1961 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். எந்தத் துறையில் என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் தமிழ் என்பார்கள். கல்வித் துறையில். அதாவது ஆசிரியர்களை உருவாக்கும் துறையில். நடுவே லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்குகிறார். பொருள், பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை. பிறகு 1961லிருந்து 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவர்.

உழைத்த வயதில் பெரும்பகுதி வகுப்பறையில் கழித்த மனிதர். மாநாடு நடந்த நாட்கள் அதில் ஒரு துளி. நாம் அந்தத் துளியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

ஆகஸ்ட் 3, காலை

"இயேசு சபைக் குருவாச்சே, அவர்களுக்குப் படிப்பு ரத்தத்திலேயே உண்டு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அவர் எந்தத் துறவற சபையிலும் இல்லை. தூத்துக்குடி மறைமாவட்டக் குரு. பிறந்தது யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில், ஊர்காவற்றுறை கரம்பொன், 1913. படித்தது யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, பிறகு கொழும்பு புனித பெர்னார்டு குருமடம், அதன் பிறகு உரோமை. 1938ல் குருப்பட்டம். வேலைக்கு வந்து சேர்ந்ததுதான் நம் பக்கம்.

இந்த வேறுபாடு முக்கியம். மறைமாவட்டக் குரு என்றால் ஆயர் எங்கே போகச் சொல்கிறாரோ அங்கே பங்குக் கோயிலைப் பார்க்க வேண்டும். பூசை, திருமணம், அடக்கம், கோயில் கணக்கு. அப்படி ஒருவரைப் படிக்கவும் பாடம் நடத்தவும் அலையவும் விட்டார்களே, அந்த மறைமாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு.

ஆகஸ்ட் 3, இரவு

வடக்கன்குளம் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதச் சொன்னார்கள். எனக்கும் மனதில் அதிகம் நிற்பது அந்த ஐந்து வருடம்தான்.

வந்து சேரும்போது அவருக்கு வயது 27. இறையியலில் முனைவர். ஆய்வுப் பொருள், மூன்றாம் நூற்றாண்டில் புனித சிப்ரியான் காலத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரக் குருக்கள். இலத்தீன் தெரியும், இத்தாலியம் தெரியும், இன்னும் சில ஐரோப்பிய மொழிகளும் தெரியும். தமிழ்? வீட்டில் பேசிய தமிழ்தான். அந்தக் காலத்து யாழ்ப்பாண ஆங்கிலப் பள்ளிகளிலிருந்து வந்த பலருக்கும் அதே நிலைதான். சங்க இலக்கியம் பக்கம் போனதே இல்லை.

அந்த ஊரில் இருந்தபோது பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் முறையாகத் தமிழ் படிக்கத் தொடங்கினார். பள்ளியில் துணைத் தலைமையாசிரியர், ஐயர் முன்னால் மாணவர். உரோமையில் முனைவர் பட்டம் வாங்கிய கத்தோலிக்கக் குரு, ஒரு பிராமணப் பண்டிதரிடம் பாடம் கேட்கிறார். இரண்டு பேருமே அதில் வெட்கப்படவில்லை. நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இதைத்தான். தெரியாது என்பதை ஒப்புக்கொள்வதற்கு அந்த அங்கியும் பட்டமும் தடையாக இருக்கவில்லை.

அதோடு நின்றாரா? 1945ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. சேர்ந்தார். வயது 32. முடித்து, சங்கப் பாடல்களில் இயற்கை என்ற பொருளில் எம்.லிட். ஆய்வும் செய்தார். கையில் ஒரு முனைவர் பட்டம் இருக்கும்போது மறுபடி மாணவனாகப் போய் உட்கார்வதற்கு எவ்வளவு தாகம் இருந்திருக்க வேண்டும்!

ஆகஸ்ட் 5

"பெரிய ஆட்கள் கதை எப்போதும் இப்படித்தான் சொல்லப்படும், இதில் கல்விக்கு என்ன பாடம்?" என்ற பதிலுக்கு என் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் எடுப்பவன். எங்கள் இயற்பியல் ஆசிரியர் ஒருவர், என்னைவிட மூத்தவர், ஒரு வருடம் பதினொன்றாம் வகுப்பில் என் செய்யுள் பாடத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அவருக்கு அது ஓய்வுப் பாடவேளை. சின்ன வயதில் படிக்க முடியாமல் போனது, இப்போதாவது கேட்கிறேன் சார் என்றார். முதல் வாரம் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் பழகிவிட்டது.

ஒரு நாள் அகநானூற்றுப் பாடல் ஒன்றைச் சீர் பிரித்துப் படிக்கச் சொன்னேன். யாரும் எழவில்லை. அவர் எழுந்து படித்தார். இரண்டு இடத்தில் தடுக்கினார். நான் திருத்தினேன். மறுபடி அதே இடத்திலிருந்து படித்தார். உட்காரும்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து கை தூக்காத பையன்கள் தூக்க ஆரம்பித்தார்கள். தப்பாகப் படித்தால் குடி முழுகிவிடாது என்று நான் எத்தனையோ தடவை சொல்லியும் ஏறாதது, அவர் தடுக்கியதைப் பார்த்ததும் ஏறிவிட்டது.

வடக்கன்குளத்துப் பிள்ளைகள் தங்கள் துணைத் தலைமையாசிரியர் தமிழ் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள் அல்லவா? அதுவே ஒரு பாடம் என்பது என் கட்சி.

ஆகஸ்ட் 6

இப்போது அந்த லண்டன் ஆய்வுக்கு வருவோம். இந்த இழையில் நான் சொல்ல வந்ததின் நடுநாடி இதுதான்.

நான் பி.எட். படித்த கல்லூரியில் "கல்விச் சிந்தனையாளர்கள்" என்று ஒரு பகுதி. ரூசோ, பெஸ்டலாசி, ஃபிரோபெல், மாண்டிசோரி, டூயி. நம் நாட்டில் காந்தி, தாகூர். எல்லாரும் படிக்க வேண்டியவர்களே. ஆனால் இரண்டாயிரம் வருடமாக எழுதியும் பாடியும் வந்த ஒரு சமூகம் கல்வி எதற்கு என்று என்ன நினைத்தது என்பதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. "நம்மிடம் இதுபற்றி யாரும் யோசிக்கவில்லையா சார்?" என்று கேட்டதற்கு, "திருக்குறளில் கல்வி அதிகாரம் இருக்கே, அதைப் பார்த்துக்கோ" என்று முடித்துவிட்டார்கள். எனக்கு அன்று தனிநாயகம் அடிகள் என்றால் போட்டித் தேர்வில் வரும் ஒரு மதிப்பெண் வினா. அவர் ஒரு கல்வித் துறை விரிவுரையாளர் என்றே யாரும் சொல்லவில்லை.

அவர் செய்தது என்ன? பழந்தமிழ் நூல்களை இலக்கியமாக மட்டும் படிக்காமல், கல்வி வரலாற்றுக்கான சான்றாகப் படித்தார். அந்தச் சமூகத்தில் யார் யாருக்குக் கற்பித்தார்கள், எதைக் கற்பித்தார்கள், எப்படிப்பட்ட மனிதனை உருவாக்க நினைத்தார்கள் என்று கேட்டார். பாணரும் புலவரும்தான் அன்றைய கல்வியாளர்கள் என்பது அவருடைய பார்வை. ஊர் ஊராகப் போய், அரண்மனையிலும் மன்றத்திலும் சொல்லால் ஆளை மாற்றியவர்கள். அவர்கள் முன்னால் வைத்த இலக்கு "சான்றோன்".

இது மேடையில் சொல்லும் பழம்பெருமை மாதிரி கேட்கலாம். கோவூர்கிழாரின் புறநானூறு 46ஐ எடுத்துப் பாருங்கள். மலையமான் என்ற குறுநிலத் தலைவனின் பிள்ளைகளை யானைக் காலில் இட்டுக் கொல்லச் சோழன் கிள்ளிவளவன் நிற்கிறான். புலவர் கெஞ்சவில்லை, சபிக்கவில்லை. நீ யார் வழியில் வந்தவன் என்று சொல்கிறார்: ஒரு புறாவின் துயர் தீர்த்தவன் மரபு. இவர்கள் யார் என்று சொல்கிறார்: புலவர் வறுமைக்கு அஞ்சித் தம்மிடம் உள்ளதைப் பகுத்து உண்டவர்களின் பிள்ளைகள். பிறகு அந்தச் சிறுவர்களைக் காட்டுகிறார். அழுதுகொண்டிருந்தவர்கள் யானையைக் கண்டதும் வேடிக்கையில் அழுகையை மறந்துவிட்டார்கள். கூடியிருந்த முகங்களைப் பார்த்து மருள்கிறார்கள். கடைசியில் "கேட்டனை ஆயின்நீ வேட்டது செய்ம்மே". கேட்டாயிற்று, இனி உனக்கு விருப்பமானதைச் செய்.

ஒரு ஆசிரியர் இதைவிட என்ன செய்ய முடியும்? பார்க்க வேண்டியதைப் பார்க்க வைத்து, முடிவை மாணவன் கையிலேயே விட்டுவிடுகிறார். புலவரைக் கல்வியாளர் என்று அடிகளார் சொன்னதன் வலு எனக்கு இந்தப் பாடலில்தான் பிடிபட்டது.

ஆகஸ்ட் 6, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, இன்னொன்று. வடக்கன்குளம் கோயிலில் ஒரு காலத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். 1910ல்தான் அது இடிக்கப்பட்டது. அடிகளார் போகும்போது இடித்து முப்பது வருடம். சுவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த ஊரில் தாத்தா பாட்டியாக இருந்த காலம்.

புறநானூறு 183, ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாட்டு: "கீழ்ப்பால் ஒருவன் கற்பின் மேற்பால் ஒருவனும் அவன்கண் படுமே." கீழே இருப்பவன் ஒருவன் கற்றால், மேலே இருப்பவனும் அவனிடம் வந்து சேர்வான். ஒரு பாண்டிய மன்னன் சொன்ன இந்த வரி அந்த ஊர் வகுப்பறையில் எப்படி ஒலித்திருக்கும்!

ஆகஸ்ட் 9

"எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில். நம் பிள்ளைகளுக்கு என்ன பயன்?" கடுமையாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இந்த ஆதங்கம் உண்டு. தமிழிலும் அவர் நூல்கள் எழுதினார், பேசினார், தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் வைத்தார். ஆனாலும் ஆய்வின் கனமான பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

ஏன் அப்படி? 1949லிருந்து ஜப்பான், அமெரிக்கா என்று சுற்றிப் பேசிவிட்டு வந்தவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்திய இலக்கியம் என்றால் சமஸ்கிருதம் என்று நின்றுவிட்டிருந்தது. தமிழ் என்று ஒன்று இருப்பதே பல பேராசிரியர்களுக்குத் தெரியாது. கோபப்பட்டுக்கொண்டு திரும்பியிருக்கலாம். அவர் 1952ல் "தமிழ்க் கல்ச்சர்" என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தெரியாதவனைத் திட்டாமல் அவனுக்குப் புரியும் மொழியில் பாடம் எடுத்தார். ஆசிரியர் புத்தி அது.

அது மட்டுமல்ல, 1956ல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபோது அவர் அங்கே பல்கலைக்கழக விரிவுரையாளர். மொழி உரிமை பற்றிப் பேசினார், எழுதினார். அந்த வாதம் தமிழருக்கு மட்டும் சொல்லப்பட்டால் போதாது. எதிர்ப்பக்கம் இருப்பவரும் உலகமும் படிக்கும் மொழியில் இருக்க வேண்டியிருந்தது.

ஆனால் மீதிப் பாதி வேலையை நாம்தான் முடிக்கவில்லை என்ற எண்ணமும் வருகிறது. அவர் வெளியே கொண்டுபோனார். அதைத் திரும்ப உள்ளே, ஆசிரியர் பயிற்சி வகுப்புக்குக் கொண்டுவரும் வேலை அவருடையது அல்ல, எங்களைப் போன்றவர்களுடையது. அவர் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 10

பழைய அச்சு நூல்களைத் தேடிப் போனவர் என்று ஒரு பதிவு வந்திருக்கிறது. ஆமாம், அதுவும் பெரிய கதை.

1554ல் லிஸ்பனில் அச்சான ஒரு கிறித்தவ மறைக்கல்விச் சுவடி. தமிழ்தான், ஆனால் ரோமன் எழுத்தில். 1578ல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான 16 பக்கத் தம்பிரான் வணக்கம். 1579ல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம். இந்தப் பழைய தமிழ் அச்சு நூல்கள் பிழைத்துக் கிடந்ததெல்லாம் ஐரோப்பா, அமெரிக்கா நூலகங்களில். அவற்றைத் தேடிப் பார்த்துத் தமிழ் ஆய்வுலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் அடிகளார் முன்வரிசை. போர்த்துக்கேயக் குரு அந்தாவோ தெ புரோவென்சாவின் தமிழ்-போர்த்துக்கேய அகராதி 1679ல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. வத்திக்கான் நூலகத்திலிருந்த படியைக் கொண்டு 1966ல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

அந்த மறுபதிப்பை ஒரு நூலகத்தில் உட்கார்ந்து புரட்டியிருக்கிறேன். இடப்பக்கம் தமிழ்ச் சொல், எதிரே போர்த்துக்கேயம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு வராத காலம், வீரமாமுனிவர் வந்துதான் அதைச் சீர்செய்தார். அதனால் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்துத்தான் எது குறில், எது நெடில் என்று முடிவு செய்ய வேண்டும். நூலகர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மதியம் வரை பத்துப் பக்கம் தாண்டவில்லை.

கவனியுங்கள், இந்த நூல்களில் பாதி வகுப்பறைச் சாமான். மறைக்கல்விச் சுவடி என்றால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க. அகராதி என்றால் புதிதாக வந்த குரு தமிழ் கற்க. தமிழ் அச்சின் முதல் பக்கங்களே கற்பிப்பதற்காக உண்டானவை.

ஆகஸ்ட் 14

மாநாடுகள் பற்றிப் பேசாமலேயே போகிறீர்கள் என்று குறை வந்தது. சரி.

1964 ஜனவரி, புது தில்லி. கீழை நாட்டு மொழிகளையும் பண்பாடுகளையும் ஆராயும் கீழைத்தேயவியலாளர் மாநாட்டுக்கு உலகெங்கிலும் இருந்து அறிஞர்கள் வந்திருக்கிறார்கள். அங்கே வந்தவர்களில் தமிழில் ஈடுபாடு உள்ளவர்களைக் கூட்டி அடிகளார் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்குகிறார். மொழியியல் அறிஞர் வ.அய். சுப்பிரமணியம் கூட நின்றார். பிரெஞ்சு அறிஞர் ஜான் ஃபிலியோசா தலைவர். அடிகளாரும் செக் அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர்கள். முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூர், துங்கு அப்துல் ரகுமான் தொடங்கிவைத்தார். இரண்டாவது 1968 சென்னை, அண்ணா முதல்வர். மூன்றாவது 1970 பாரிஸ். நான்காவது 1974 யாழ்ப்பாணம்.

பெயரிலேயே "ஆராய்ச்சி" இருக்கிறது. கட்டுரை வாசி, கேள்வி கேள், மறுத்துப் பேசு, திருத்து, அச்சிடு. அதுதான் அடிப்படை. சென்னையில் ஊர்வலமும் கடற்கரைச் சிலைகளும் சேர்ந்துகொண்டன. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மெரினாவில் வீரமாமுனிவர், ஜி.யு. போப், கால்டுவெல் சிலைகளை ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்த்து யார் இவர் என்று கேட்டால் அதுவும் படிப்புதான். ஆனால் பிற்காலத்தில் திருவிழா பெருத்து ஆராய்ச்சி ஒரு மூலைக்குப் போய்விட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு. அடிகளாரை மாநாட்டுக்காரர் என்று மட்டும் நினைவு வைத்ததன் விளைவு அது. கல்வித் துறைக்காரர் என்று நினைவு வைத்திருந்தால், ஒவ்வொரு மாநாட்டுக்குப் பிறகும் பள்ளி ஆசிரியருக்கு இதிலிருந்து என்ன கிடைத்தது என்று கேட்டிருப்போம்.

ஆகஸ்ட் 15

1974 யாழ்ப்பாணம் பற்றி எழுத மனம் வராமல் நேற்று ஒரு வரியில் கடந்துவிட்டேன். ஜனவரி 10, நிறைவு நிகழ்ச்சி, போலீஸ் நடவடிக்கை, ஒன்பது பேர் சாவு. தன் சொந்த மண்ணில் நடந்த மாநாடு அப்படி முடிந்ததைப் பார்க்க வேண்டி வந்தது அவருக்கு. 1980 செப்டம்பர் 1ல் யாழ்ப்பாணத்தில் காலமானார்.

ஒன்பது மாதம் கழித்து, 1981 மே கடைசி இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள். இன்னொரு கத்தோலிக்கக் குரு, பன்மொழி அறிஞர் தாவீது அடிகள், அந்தத் தீயைத் தொலைவிலிருந்து பார்த்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார். அவருக்கும் முன்னால் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர், 1875லிருந்து 1947 வரை வாழ்ந்தவர், தமிழ்ச் சொற்களின் வேரைத் தேடியே காலத்தைக் கழித்த குரு. இப்படி ஒரு வரிசையே யாழ்ப்பாணத்தில் இருந்தது. அடிகளார் தனிமரம் இல்லை.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 20

"குருத்துவத்தைக் காற்றில் விட்டுவிட்டுத் தமிழுக்குப் போனவர்தானே" என்று ஒரு கத்தோலிக்க நண்பர். இல்லை ஐயா. சாகும்வரை குருவாகவே இருந்தார். கோயிலில் பிரசங்கம் வைப்பதும் மாணவனுக்கு முல்லைத் திணையை விளக்குவதும் இரண்டு வேலை என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். அவர் பிரித்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் கத்தோலிக்கன் இல்லை. அதனால் இதில் ரொம்பப் பேசுவது சரியில்லை. ஆனால் பூசை வைக்கும் ஒருவர், தன் மதத்தைச் சாராத பழம்பாடல்களில் மனிதநேயம் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னார். அதைத் தன் விசுவாசத்துக்குப் போட்டியாக நினைக்கவில்லை. மற்றவர் நம்பிக்கையை மதித்துப் பாடம் எடுப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு இன்று பயிற்சி தர வேண்டிய நிலையில் இருக்கிறோம். எனக்கு அவர் அங்கேயும் ஆசிரியர்.

ஆகஸ்ட் 21

கேள்வி கேட்டவரே மறுபடி வந்திருக்கிறார்: "ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கட்டடத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். நான் படித்தது ஒரு சாமியார் கட்டிய ஓட்டுக் கூரைப் பள்ளியில்தான்." குறைத்துப் பேசவில்லை ஐயா, ஒருக்காலும் இல்லை. கூரை இல்லாமல் பாடம் இல்லை. கட்டியவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது, இருக்கட்டும். உள்ளே நின்று என்ன சொல்லிக்கொடுப்பது என்று யோசித்தவருக்கும் ஒரு இடம் கேட்கிறேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 27

பி.எட். படிக்கும் தங்கை ஒருவர், கல்விச் சிந்தனை பற்றிய ஒப்படைப்புக்கு அடிகளாரை எடுத்துக்கொள்ளலாமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். தாராளமாக எடும்மா. வாழ்க்கை வரலாற்றை ஒரு பக்கத்தில் முடித்துவிடு. பிறந்த தேதி, பட்டங்கள், நாடுகள் என்று அடுக்கினால் அதிலேயே தீர்ந்துபோகும். அவர் கேட்ட கேள்வியை எடுத்துக்கொள்: இந்தப் பாடல்களில் யார் யாருக்குக் கற்பிக்கிறார்கள்?

மூன்று புறநானூற்றுப் பாடல் போதும். 46ஐ மேலே எழுதியிருக்கிறேன்.

183ல் "சிறப்பின் பாலால் தாயும் மனம் திரியும்" என்று ஒரு வரி வரும். ஒரே வயிற்றில் பிறந்தாலும் கற்ற பிள்ளை பக்கம் தாயின் மனம் சாயும் என்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "அப்போ மார்க் குறைந்த பிள்ளையை அம்மாவுக்குப் பிடிக்காதா சார்?" என்று கேட்டாள். வகுப்பு முழுக்க அமைதி. நான் சமாளிக்காமல் கேள்வியை அவர்களிடமே விட்டேன். மீதி நேரம் அந்த விவாதத்திலேயே போனது. பாட்டு சொல்வதெல்லாம் சரி என்று ஏற்க வேண்டியதில்லை, உன் ஒப்படைப்பிலும் இதைக் கேள்.

மூன்றாவது 312, பொன்முடியார். "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே." அடுத்து வேல் வடித்துக் கொடுப்பது கொல்லன் கடன், நன்னடை நல்குவது வேந்தன் கடன் என்று போகும். பட்டியலில் தாய், தந்தை, கொல்லன், அரசன், இளைஞன் எல்லாரும் இருக்கிறார்கள். ஆசிரியர் என்று தனியாக ஒருவர் இல்லை. ஏன் இல்லை? ஊரே சேர்ந்து செய்த வேலை என்பதாலா, அல்லது பாடிய அந்தத் தாயே, அந்தப் புலவரே ஆசிரியர் என்பதாலா? அடிகளார் பார்வை இரண்டாவதை நோக்கித் தள்ளும். எனக்கு முதலாவதும் விடமாட்டேன் என்கிறது. நீ எந்தப் பக்கம் என்று எழுதி முடித்ததும் இங்கே போடு, படிக்கக் காத்திருக்கிறேன்.